நத்தையை வளர்த்து மீன் நோயை அறிதல்

சங்கரன்கோவில் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால் அவ்வாண்டு வாழ்வு, பெருகாவிடில் தாழ்வு. குளத்து நீர் முதலில் பயிருக்கு, அடுத்து ஆடு மாடுகளுக்கு, எஞ்சியது மீனுக்கு என்பதே இங்கு நெடுங்கால வழக்கம். ஊராட்சிக்குரிய குளங்களில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. அத்தொகை பெரிதன்று எனினும், தெருவிளக்குப் பழுது, குழாய்ப் பழுது போன்ற அவசரச் செலவுகளுக்குக் கைகொடுப்பது அதுவே. குத்தகை எடுத்தவருக்கோ அது ஓராண்டுப் பிழைப்பு.

பங்குனி மாதத்தில் நீர் வற்றி வலை வீசும்பொழுது, சில குளங்களில் மீன்கள் குறையுடன் அகப்படுகின்றன. சிலவற்றின் செதிலிலும் துடுப்பிலும் மிளகைத் தூவியது போன்ற கரும்புள்ளிகள் இருக்கின்றன. சிலவற்றின் வயிறு உப்பி, அறுத்தால் உள்ளே வெண்ணிற நாடா போன்ற புழு சுருண்டு கிடக்கிறது. சில குறவை மீன்களின் குடலில் சிவந்த நூல் போன்ற புழுக்கள் தொங்குகின்றன. இத்தகைய மீனைச் சந்தையில் எவரும் விரும்பி வாங்குவதில்லை. குத்தகைதாரர் ஊராட்சி மன்றத்திடம் தொகையைக் குறைக்குமாறு கேட்கிறார். மன்றத்திலோ ஒருவர் பூச்சிமருந்து கலந்துவிட்டது என்கிறார். ஒருவர் குஞ்சு விட்டவர் ஏமாற்றிவிட்டார் என்கிறார். மற்றொருவர் சேற்றிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்று சாதிக்கிறார். முடிவில், குளத்தில் ஏதேனும் மருந்தைக் கொட்டிவிடலாம் என்ற யோசனை எழுகிறது.

அந்த யோசனை ஆபத்தானது. எங்கிருந்து புழு வருகிறது என்பது தெரியாமல் மருந்து கொட்டுவது, எந்த மடையில் நீர் கசிகிறது என்று பாராமல் கரை முழுவதும் மண் அணைப்பதற்கு ஒப்பாகும். கசியும் மடையைக் கண்டறியும் வேலையை மீன் நோய் விஷயத்தில் செய்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் அதற்குக் கையாளும் முறை சற்று விந்தையானது. மீனை ஆராய்வதற்கு முன்னர் நத்தையையும், கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சியையும் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கிறார்கள். அது ஏன், எவ்வாறு, அதனால் நமக்கு என்ன பயன் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை ஒட்டுண்ணிகள்

பிறிதோர் உயிரின் உடலில் தங்கி அதன் சத்தை உண்டு வாழும் உயிருக்கு ஒட்டுண்ணி என்று பெயர். அதனைத் தாங்கி வளர்க்கும் உயிர் ஓம்புயிர் எனப்படும். மீனைப் பற்றும் ஒட்டுண்ணிகளை நாம் இரண்டு வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை, ஒரு மீனிலிருந்து மற்றொரு மீனுக்கு நேராகவே தொற்றுவது. மீன் பேன் இவ்வகையைச் சேர்ந்தது. அது மீனின் தோலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். நீரில் உள்ள கல்லிலும் குச்சியிலும் முட்டையிடும். பொரித்த குஞ்சு அடுத்த மீனைத் தேடி நீந்தும். இதற்கு இடையில் வேறு எந்த உயிரின் தயவும் தேவையில்லை.

இரண்டாம் வகை, வாழ்நாளின் ஒரு பகுதியை நத்தையிலோ நீர்ப்பூச்சியிலோ கழித்த பின்னரே மீனை அடைய வல்லது. தட்டைப் புழு, நாடாப்புழு, உருளைப்புழு ஆகியவற்றுள் பல இவ்வகையின. மீனில் நாம் காண்பது அவற்றின் கதையில் ஓர் அதிகாரம் மட்டுமே. முந்திய அதிகாரம் நத்தைக்குள்ளோ, நீர்ப்பூச்சிக்குள்ளோ எழுதப்பட்டிருக்கிறது.

நாற்றங்கால், நடவு வயல், களம்

கரும்புள்ளி நோயை எடுத்துக் கொள்வோம். இதற்குக் காரணமான தட்டைப் புழு முழு வளர்ச்சி அடைவது மீனில் அன்று. மீனை உண்ணும் நீர்ப்பறவையின் உடலில். பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டைகள் குளத்தில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய குஞ்சு, தனக்குரிய நத்தையைத் தேடி அதன் உடலைத் துளைத்து உட்புகுகிறது. உரிய நத்தை கிடைக்காவிடில் சில மணி நேரத்தில் மடிந்துவிடும்.

நத்தைக்குள் நடைபெறுவது நம் உழவர்கள் எளிதில் உணரக்கூடியது. கைப்பிடி விதை நாற்றங்காலில் பல கட்டு நாற்றாகப் பெருகுவதுபோல், நத்தைக்குள் புகுந்த ஒரே குஞ்சு, நாளடைவில் வாலுள்ள ஆயிரக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகுகிறது. அவை நாள்தோறும் நத்தையிலிருந்து வெளிவந்து நீந்தி, மீனின் தோலைத் துளைக்கின்றன. அங்கே வாலை உதிர்த்துவிட்டு ஓர் உறையை அமைத்துக் கொண்டு உறங்குகின்றன. அந்த உறையைச் சுற்றி மீனின் உடல் கருநிறப் பொருளைப் படியச் செய்கிறது. நாம் காணும் கரும்புள்ளி அதுவே. அம்மீனைப் பறவை உண்டால், உறை கரைந்து புழு முதிர்ச்சி அடைந்து மீண்டும் முட்டையிடும்.

ஆகவே நத்தை நாற்றங்கால்; மீன் நடவு வயல்; பறவையே விதை முற்றும் களம். இம்மூன்றில் எந்த ஒன்றை நீக்கினாலும் சாகுபடி நின்றுவிடும். நோயைத் தடுக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, எதனை நீக்குவது எளிது, எதனை நீக்கினால் ஊருக்குத் தீங்கில்லை என்பதாகும்.

குளத்து நத்தையைப் பார்த்தால் போதாதா?

‘இதற்கென ஆராய்ச்சிசாலை எதற்கு? குளத்து நத்தையைப் பிடித்து உடைத்துப் பார்த்தால் புழு தெரியாதா?’ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வியே. குளத்து நத்தையில் புழுக்குஞ்சு தென்படும் என்பது உண்மை. ஆனால் ஒரே நத்தையில் பலவகைப் புழுக்களின் குஞ்சுகள் இருக்கக்கூடும். அவற்றுள் சில மீனுக்கு உரியவை. சில மாட்டுக்கு உரியவை. சில வாத்துக்கு உரியவை. சில தவளைக்கு உரியவை. குஞ்சுப் பருவத்தில் அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். எது வளர்ந்து எதுவாகும் என்று பார்வையால் மட்டும் அறுதியிட முடியாது.

விதைச் சோதனையை நினைத்துப் பாருங்கள். களை விதைகள் முன்பே மண்டிக் கிடக்கும் நிலத்தில் புதிய விதையை விதைத்து, முளைத்தது எது என்று கேட்டால் எவர் விடை கூற இயலும்? சுத்தமான மண்ணில் விதைத்தால்தான் முளைத்தது நாம் இட்ட விதை என்று துணிந்து சொல்லலாம். அந்தச் சுத்தமான மண், இவ்வாராய்ச்சியில் பிறந்தது முதல் எந்தப் புழுவும் தீண்டாத நத்தையும் நீர்ப்பூச்சியும் ஆகும். அவை குளத்தில் கிடைப்பதில்லை. வளர்த்தே பெற வேண்டும்.

நத்தை வளர்க்கும் முறை

நம் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தட்டையாகச் சுருண்ட சக்கரம் போன்ற சிறு நத்தை ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதனை இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்பர். இதனை வளர்ப்பது எளிது. குளத்திலிருந்து கொணர்ந்த நத்தைகளை முதலில் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் இட்டு வெளிச்சத்தில் வைக்கிறார்கள். உள்ளே புழு இருந்தால் வாலுள்ள குஞ்சுகள் வெண்தூசு போல் நீரில் நீந்தத் தொடங்கும். அத்தகைய நத்தைகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பல நாள் தொடர்ந்து கவனிக்கிறார்கள். முதல்நாள் குஞ்சு வெளிப்படாததால் மட்டும் நத்தை சுத்தமானது என்று கொள்ளலாகாது. உள்ளே புழு இன்னும் முதிராமல் இருக்கலாம்.

இவ்வகை நத்தை, நீரில் மிதக்கும் இலையின் அடிப்புறத்தில் பசை போன்ற பொருளுக்குள் முட்டைகளைத் தொகுப்பாக இடும். ஒவ்வொரு நத்தையிலும் ஆண் தன்மையும் பெண் தன்மையும் சேர்ந்தே இருப்பதால், தனித்து வைத்த ஒரே நத்தையும் முட்டையிட்டு வம்சத்தைப் பெருக்க வல்லது. தாய் நத்தையிடம் உள்ள தட்டைப் புழு முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்வதில்லை. ஆதலால் முட்டைத் தொகுப்பை இலையோடு எடுத்துப் புதிய பாத்திரத்திற்கு மாற்றிவிட்டால், அதிலிருந்து பிறக்கும் தலைமுறை தூய்மையானது.

பாத்திரத்துக்கு ஊற்றும் நீர் குளத்து நீராக இருக்கலாகாது. குழாய் நீராயின், அதில் கலந்த குளோரின் நீங்கும் வரை திறந்து வைத்திருந்து பின்னர் ஊற்ற வேண்டும். செம்புப் பாத்திரம் அறவே கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் நத்தை மடியும். ஓடு உறுதியாக வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் சிறிது சுண்ணக்கட்டித் தூளோ முட்டை ஓட்டுத் தூளோ இடுவர். கீரையை வெந்நீரில் வாட்டி உணவாகத் தருவர். தின்னாத மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். அழுகிய கீரையே நத்தை வளர்ப்பின் முதல் எதிரி. கூட்டம் மிகுந்தால் நத்தைகள் குறுகிப் போய் முட்டையும் குறையும். நெருக்கி நட்ட நாற்று தூர் கட்டாதது போன்ற செய்தியே இது. நத்தை சுவரில் ஏறி வெளியேறும் இயல்புடையது. ஆகையால் பாத்திரத்தின் வாயை வலைத் துணியால் மூடி வைப்பர்.

சைக்ளாப்ஸ் வளர்க்கும் முறை

நாடாப்புழு, உருளைப்புழு ஆகியவற்றுள் பலவற்றுக்கு இடைவீடாக அமைவது நத்தை அன்று. சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி. இறால், நண்டு ஆகியவற்றின் தொலைதூர உறவான இது, ஏறத்தாழ ஓர் எள்ளின் பருமனுக்கும் குறைவானது. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால், வெட்டி வெட்டி நகரும் வெண்புள்ளிகளாகத் தெரியும். தலையில் ஒரே கண். பெண் பூச்சி தன் வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்து திரியும்.

ஆராய்ச்சியாளர் அத்தகைய ஒரு பெண் பூச்சியைக் கண்ணாடிக் குழலால் உறிஞ்சி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் விடுகிறார். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயை அகற்றிவிடுகிறார். பெரிய பூச்சிகள் தம் இனத்துக் குஞ்சுகளையே தின்றுவிடும் குணமுடையன. குஞ்சு 11 முறை தோலுரித்து முழுப் பூச்சியாகிறது. அதன் உணவுக்காக வைக்கோலை நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அச்சாற்றில் அதனினும் நுண்ணிய உயிர்களைப் பெருக்கித் தருகிறார். இவ்வாறு ஒரே தாயிலிருந்து தோன்றிய வம்சம் முழுவதும் எந்தப் புழுவையும் அறியாதது.

சோதனை நடைபெறும் விதம்

தூய நத்தையும் தூய பூச்சியும் கைவசமான பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. நோயுற்ற மீனிலிருந்தோ, பறவையின் எச்சத்திலிருந்தோ புழுவின் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள். சில நத்தைகள் உள்ள கிண்ணத்தில் அக்குஞ்சுகளை எண்ணி விடுகிறார்கள். அதே வயதும் அதே வம்சமும் உடைய வேறு சில நத்தைகளை, அதே நீரும் அதே தீனியும் தந்து, குஞ்சு விடாமல் பக்கத்தில் வைக்கிறார்கள். இந்த இரண்டாவது கிண்ணம் சாட்சிக் கிண்ணம். முதற் கிண்ணத்து நத்தையில் மட்டும் புழு தோன்றி, சாட்சிக் கிண்ணத்தில் தோன்றாவிட்டால், சேற்றிலிருந்து தானாகப் பிறந்தது என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

குஞ்சுகளை எண்ணி விடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு சைக்ளாப்ஸில் அளவுக்கு மிஞ்சிய குஞ்சுகள் புகுந்தால் அது மடிந்துவிடும். அத்துடன் சோதனையும் மடியும். அடுத்த படியாக, ஆராய்ச்சிசாலையிலேயே முட்டை பொரித்து வளர்ந்த மீனை நத்தையோடு ஒரே தொட்டியில் விட்டோ, பூச்சியை உணவாகத் தந்தோ, நாள் குறித்துச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் சாட்சித் தொட்டி உண்டு. இவ்வாறு முட்டை முதல் முட்டை வரை வட்டம் முழுமை பெற்ற பின்னரே, இன்ன புழு இன்ன வழியாக வருகிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

வால்டேர் ஆராய்ச்சி

நம் நாட்டில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்த இடங்களுள் ஒன்று விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை. அங்குப் பணியாற்றிய ஆர். மாதவி அவர்கள், குறவை மீனின் உடலில் வாழும் கெனார்காப்சிஸ் காப்போ என்னும் தட்டைப் புழுவின் வாழ்க்கை வரலாற்றை 1978இல் வெளியிட்டார். அம்னிகோலா என்னும் மிகச் சிறிய நத்தையில் இப்புழு பெருகுகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் குஞ்சு மீனைத் துளைப்பதில்லை. சைக்ளாப்ஸ் இனத்துப் பூச்சி அதனை விழுங்குகிறது. அப்பூச்சியை மீன் உண்ணும்பொழுது புழு மீனை அடைந்து, அங்கேயே முதிர்ந்து முட்டையிடுகிறது.

இதற்கும் கரும்புள்ளிப் புழுவுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இரண்டும் தட்டைப் புழுக்களே. இரண்டும் நத்தையில் பெருகுபவையே. ஆயினும் ஒன்றுக்குப் பறவை தேவை. மற்றதற்குப் பறவை தேவையில்லை. முன்னதற்கு மீன் தங்கும் சத்திரம். பின்னதற்கு மீனே சொந்த வீடு. கொக்கையும் நாரையையும் விரட்டினால் பின்னது ஒரு சிறிதும் குறையாது. கண்ணாடிக் கிண்ணத்தில் நத்தையையும் பூச்சியையும் வளர்த்தவர் இல்லாவிடில் இவ்வேற்றுமை நமக்குத் தெரிய வழியில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இது நல்ல சான்று.

மீன் புழு காட்டிய வழி

மீன் புழுவை ஆராய்வதால் மனிதருக்கு என்ன லாபம் என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயை நம் முதியோர் சிலர் கேள்வியுற்றிருப்பர். காலில் கொப்புளம் தோன்றி, அது உடைந்து, நீண்ட நூல் போன்ற புழு சிறிது சிறிதாக வெளிவரும். நோயாளி வாரக்கணக்கில் படுத்துவிடுவார். விதைப்புக் காலத்தில் வந்தால் குடும்பத்தின் ஓராண்டு வருவாயே போய்விடும். இது தெய்வக் குற்றம் என்றும், சூட்டு நோய் என்றும் பலவாறு கருதப்பட்டது.

1860களில் ஜெர்மனி நாட்டு லூக்கார்ட் என்ற விஞ்ஞானி, மீனின் குடலில் வாழும் ஓர் உருளைப்புழுவின் குஞ்சுகள் சைக்ளாப்ஸ் பூச்சிக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். அச்செய்தியே ருஷ்ய நாட்டு பெட்செங்கோவுக்கு வழிகாட்டிற்று. அவர் 1870இல் துருக்கிஸ்தானத்தில் நரம்புச் சிலந்தியின் குஞ்சும் அவ்வாறே சைக்ளாப்ஸில் வளர்வதைக் கண்டார். குடிநீரோடு இப்பூச்சியை விழுங்குவோருக்கே, ஏறத்தாழ ஓராண்டு கழித்து நோய் வெளிப்படுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. 1906ஆம் ஆண்டளவில் லீப்பர் என்பார், புழுக்குஞ்சு ஏறிய சைக்ளாப்ஸை வாழைப்பழத்தில் வைத்து ஒரு குரங்குக்குக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து அதன் உடலில் அப்புழுக்களைக் கண்டெடுத்தார்.

நமக்கு அண்மையில், அக்காலத்து மைசூர் சமஸ்தானத்தின் சித்திரதுர்க்க மாவட்டத்தில், வி. என். மூர்த்தி அவர்கள் 1930களில் இந்நோயை ஆராய்ந்தார். ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்வீட் என்பவர் அவருக்குத் துணையாக இருந்தார். மக்கள் காலை நனைத்து இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணறுகளே அங்கு நோயின் இருப்பிடம். 1938இல் மூர்த்தி இரு செய்திகளை வெளியிட்டார். ஒன்று, நரம்புச் சிலந்தியின் குஞ்சு சைக்ளாப்ஸுக்குள் படிப்படியாக வளரும் விவரம். மற்றொன்று, குறவை இனத்து மீனில் வாழும் காமல்லானஸ் என்னும் செந்நிறப் புழுவின் வாழ்க்கை வரலாறு. அதன் குஞ்சும் சைக்ளாப்ஸுக்குள்தான் வளர்கிறது. இரண்டையும் வேறுபடுத்தி அறிந்தால்தான், ஒரு கிணற்றுப் பூச்சியில் காணும் குஞ்சு மனிதருக்கு ஆபத்தானதா, மீனுக்கு மட்டும் உரியதா என்று சொல்ல முடியும். தம்முடன் உழைத்தவரின் நினைவாக அம்மீன் புழுவுக்கு ‘ஸ்வீட்டி’ என்று அவர் பெயரிட்டார்.

இவ்விருவரும் 1936இல் மற்றொரு வழியையும் கூறினர். சைக்ளாப்ஸை விரும்பி உண்ணும் சிறு கெண்டை இனங்களைப் படிக்கிணறுகளில் விட்டு நோயைக் குறைக்கலாம் என்பதே அது. பூச்சியின் இயல்பை அறிந்ததால் மருந்தில்லாமலே வழி பிறந்தது.

இந்திய அரசு 1980களின் தொடக்கத்தில் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. படிக்கிணறுகள் மாற்றப்பட்டன, கைப்பம்புகள் அமைந்தன, குடிநீரைத் துணியால் வடிகட்டும் பழக்கம் பரப்பப்பட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடு என்று அறிவித்தது. தடுப்பூசியும் இல்லாமல், குணப்படுத்தும் மருந்தும் இல்லாமல் ஒரு நோய் நம் நாட்டை விட்டு அகன்றது. அதனை அகற்றியது, புழு எந்தப் பூச்சியில் தங்குகிறது என்ற அறிவும், இரட்டை மடிப்புத் துணியுமே.

இக்கதை இன்னும் முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2012 முதல் நாய்களிடம் இப்புழு மிகுதியாகக் காணப்படுகிறது. சைக்ளாப்ஸை உண்ட மீனின் உடலில் புழுக்குஞ்சு உயிருடன் தங்கக்கூடும் என்பது ஆராய்ச்சிசாலைச் சோதனைகளில் தெரிந்தது. ஆதலால் மீன் குடலை நாய்க்கு எறியாமல் புதைக்குமாறும், மீனை நன்கு வேகவைத்து உண்ணுமாறும் அந்நாட்டுக் கிராமங்களில் இன்று அறிவுறுத்துகிறார்கள்.

மாட்டுக்கும் இதே நத்தை

மேலே கூறிய சக்கர நத்தை மீன் நோய்க்கு மட்டும் காரணமன்று. மாடுகள் மூக்கடைத்துக் குறட்டை விடுவது போல் மூச்சுவிடும் நோயை உழவர்கள் அறிவார்கள். அதற்குக் காரணமான புழுவை, சென்னை மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்து எம். அனந்தநாராயண ராவ் அவர்கள் 1933இல் விவரித்தார். அப்புழுவும் இதே நத்தையில்தான் பெருகுகிறது. இந்நத்தையிலிருந்து வரும் வேறு சில குஞ்சுகள், நாற்று நடுவோரின் காலில் துளைத்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன. எனவே குளத்து நத்தையைக் கட்டுப்படுத்தும் ஊர், மீனுக்கும் மாட்டுக்கும் நடவுப் பெண்களுக்கும் ஒருங்கே நன்மை செய்ததாகும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

ஆராய்ச்சிசாலையில் கண்ட உண்மைகளைக் குளக்கரைக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு. பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. கோடையில் குளம் வற்றியதும் தரை வெடிக்கும் வரை காயவிடுவது நல்லது. சில நத்தைகள் சேற்றில் புதைந்து உயிர் தாங்கும் ஆதலால், சேறு தேங்கும் பள்ளங்களில் மீன்வளத்துறை கூறும் அளவில் சுண்ணாம்பு இடலாம்.

2. கரையோரம் மண்டும் பாசியும் நீர்ச்செடியும் நத்தை முட்டையிடும் இடங்கள். இவற்றை அகற்றி, கரையில் வெயிலில் உலர்த்த வேண்டும். வாரிய செடியை அடுத்த குளத்தில் எறிவது நோயை விநியோகிப்பதாகும்.

3. மீன் குஞ்சுகளை இருப்புச் செய்யும்பொழுது, அவை வந்த நீரைக் குளத்தில் ஊற்றலாகாது. குஞ்சுகளைத் தனித் தொட்டியிலோ வலைக் கூண்டிலோ சில நாள் வைத்துப் பார்த்து, நோயற்றவை என்று கண்ட பின் விட வேண்டும்.

4. மீன் குடலையும் கழிவையும் நீரில் எறியாமல் புதைக்க வேண்டும். நாய்க்கும் கோழிக்கும் பச்சையாகப் போடுதல் கூடாது.

5. கொக்கையும் நாரையையும் கொல்வது சட்டப்படி குற்றம், பயனும் இல்லை. அவை நாள்தோறும் பல குளங்களுக்குச் செல்பவை. நம் கைக்கு எட்டும் கண்ணி நத்தையே.

6. மீன் வளரும் குளத்தில் சைக்ளாப்ஸை அடியோடு ஒழிக்க முற்படக் கூடாது. அது மீன் குஞ்சின் தாய்ப்பால் போன்ற உணவு. குடிநீர்க் கிணற்றுக்கு ஏற்ற முறை மீன் குளத்துக்கு ஏற்றதன்று.

7. ஆடு மாடு நீர் அருந்தும் குளத்தில் மயில்துத்தம் முதலிய நச்சுப் பொருள்களைத் தாமாகவே கொட்டலாகாது. நத்தை மடியும் அளவில் மீனும் மடியக்கூடும்.

கரும்புள்ளி உள்ள மீனை உண்ணலாமா என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். நம் வழக்கப்படி குழம்பில் நன்றாகக் கொதித்து வெந்த மீனில் இப்புழு உயிர் வாழாது. பார்வைக்கு நன்றாயில்லை என்பதால் விலை குறையுமே தவிர, வெந்த மீனால் கேடு இல்லை. அரைவேக்காடாக உண்பதையே தவிர்க்க வேண்டும்.

மாதிரி அனுப்பும் முறை

நோய் தென்பட்ட ஊராட்சிகள், இறந்து நாறிய மீனை அனுப்புவதால் பயனில்லை. மீன் மடிந்ததும் ஒட்டுண்ணிகள் பல விலகிவிடும், அல்லது சிதைந்துவிடும். நோயுற்ற மீனை உயிருடன், அதே குளத்து நீரில், காற்று நிரப்பிய பையில் அனுப்ப வேண்டும். நத்தையை நீரில் அனுப்பலாகாது. வழியில் நீர் கெட்டு மடியும். ஈரத் துணியிலோ ஈரப் பாசியிலோ சுற்றி அனுப்பினால் உயிருடன் போய்ச் சேரும். நத்தையைக் கையால் பொறுக்குவோர் பின்னர் கையைக் கழுவித் துடைத்துக் கொள்ள வேண்டும். குளத்தின் பெயர், பிடித்த நாள், குஞ்சு விட்ட நாள், குஞ்சு வாங்கிய இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இணைக்க வேண்டும். மீன்வளத்துறை அலுவலர் வழியாக இவை தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற நிலையங்களுக்குச் செல்லக்கூடும். 1977இல் தொடங்கப் பெற்ற அக்கல்லூரி நம் வட்டாரத்துக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி மீன்பாசி ஏல நிபந்தனைகளை வகுக்கும்பொழுது, நீர்ச்செடி அகற்றுதல், குஞ்சுகளைத் தனியே வைத்துச் சோதித்தல், கழிவைப் புதைத்தல் ஆகிய மூன்றையும் நிபந்தனைகளாகச் சேருங்கள். நோய் கண்டால் மாதிரி அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே எழுதி வையுங்கள். பங்குனியில் எழும் வழக்கை ஐப்பசியிலேயே தீர்த்துவிடலாம். குத்தகைதாரரும் ஊராரும் ஒருவரையொருவர் பழிப்பதை விடுத்து, குனிந்து குளக்கரை நத்தையைப் பார்க்கத் தொடங்கினால், குளமும் செழிக்கும்; ஊராட்சியின் வருவாயும் பெருகும்.